ஈறும் இதய வால்வும்: இராமநாதபுரம் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள், மாவட்டத்தில் பணிபுரியும் அரசு, தனியார் பல் மருத்துவர்கள் அனைவரும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நம் மாவட்டத்தில் இதய வால்வு பழுதுபட்டவர்களும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களும் யார் யார், எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியலும், அவர்களுடைய பற்களையும் ஈறுகளையும் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்ற குறிப்பும் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றுத் தங்கச்சிமடத்தில் வசிக்கும் எனக்கு மருத்துவம் செய்யும் தகுதி இல்லை. ஆயினும், வாயில் வாழும் பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தால், இந்தக் கோரிக்கை வெறும் அலுவலகச் சீர்திருத்தம் அன்று என்பது விளங்கும் என்பதால், முதலில் அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

பாக்டீரியா இதயத்தின் உட்புறத்தில், பெரும்பாலும் வால்வில், பற்றிப் பெருகுவதால் வருவதும், இதய உள்ளுறை அழற்சி என்று நூல்களிலும் எண்டோகார்டைட்டிஸ் என்று மருத்துவமனைகளிலும் சொல்லப்படும் நோய் அரிதானதுதான். ஆனால் வந்துவிட்டால், இன்றைய சிகிச்சையிலும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை அங்கேயே இறந்துவிடுகிறார்கள். பென்சிலின் வருவதற்கு முன் அநேகமாக எல்லோருமே இறந்தார்கள். உலகின் பல பகுதிகளில் இந்நோயை உண்டாக்குவதில் இன்று முன்னிற்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, தோலையும் மூக்கையும் இருப்பிடமாகக் கொண்ட பாக்டீரியா. எனினும், சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போவது இன்னும் ஓயாத நம் நாட்டில், வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளை ஒதுக்கிவிட்டு இந்நோயைப் பற்றிப் பேச முடியாது. சாங்குவினிஸ், கார்டோனி, மைட்டிஸ், ஓராலிஸ், மியூட்டன்ஸ் என்ற பெயர்களுடைய இவை நம் ஒவ்வொருவர் வாயிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கின்றன. வாயில் இருக்கும்வரை, பல்லைச் சொத்தையாக்கும் மியூட்டன்ஸைத் தவிர, பெரும்பாலும் தீங்கற்றவை.

பழுதில்லாத வால்வின் மேற்பரப்பு மிக வழவழப்பானது. இரத்தத்தோடு வரும் பாக்டீரியா அதில் நிற்க இடமில்லாமல் அடித்துச் செல்லப்பட்டு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் அழிக்கப்படுகிறது. வாதக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய மைட்ரல் வால்வில் இரத்தம் பீறிட்டும் சுழன்றும் பாய்வதால் அதன் மெல்லிய மேலுறை ஆங்காங்கே உரிந்துபோகிறது. உரிந்த இடத்தைப் புண்ணாகக் கருதும் உடல், அங்கே இரத்தத் தட்டணுக்களையும் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழைகளையும் படியவைக்கிறது. வண்ணம் உரிந்த வள்ளத்தின் அடிப்பலகையில் கொட்டலசு என்ற ஓடுடைய சிறு கடலுயிர் பிடிப்பதைப் போல, பாக்டீரியா பிடித்துக்கொள்வது இந்தப் படிவின் மேல்தான். ஆனால் இரத்த ஓட்டத்தின் வேகத்தில் எல்லா பாக்டீரியாக்களாலும் அப்படிப் பிடித்துவிட முடியாது. அதற்கென்று பொருத்தமான புரதம் அதன் மேற்பரப்பில் இருந்தாக வேண்டும்.

கார்டோனி வகையின் சில கிளைகளில், அதாவது உட்பிரிவுகளில், ஜிஎஸ்பிபி என்றும், வேறு சில கிளைகளில் எச்எஸ்ஏ என்றும், சாங்குவினிஸில் எஸ்ஆர்பிஏ என்றும் பெயரிடப்பட்ட புரதங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செரின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் நீண்ட தண்டும், அதன் முனையில் பிடிக்கும் பகுதியும் கொண்ட இவை, செல் சுவரில் ஒரு முனை பதிந்து மறுமுனை வெளியே நீட்டியபடி நிற்கின்றன. அந்த முனை தேடுவது சியாலிக் அமிலம் என்ற ஒரு சர்க்கரை. தட்டணுவின் மேல் கிளைக்கோபுரதம் ஒன்று-பி ஆல்ஃபா என்றோர் ஏற்பி இருக்கிறது. இரத்தக் குழாய் கிழிந்தால் அந்த இடத்தில் தட்டணு சென்று ஒட்டுவதற்கு உதவுவது இதுவே. அந்த ஏற்பியின் சர்க்கரைக் கிளைகளில் சியாலிக் அமிலம் இருப்பதால், காயத்தை அடைப்பதற்காக உடல் வைத்திருக்கும் அதே பிடிமானத்தை பாக்டீரியா தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

என் மாணவர்கள் அடிக்கடி கேட்ட கேள்வி, வாயில் வாழும் ஓர் உயிர் தட்டணுவைப் பிடிக்கும் புரதத்தை ஏன் சுமந்து திரிய வேண்டும் என்பதே. விடை உமிழ்நீரில் இருக்கிறது. உமிழ்நீரின் மியூசின் புரதங்களும் சியாலிக் அமிலத்தைத் தாங்கி நிற்கின்றன. பல் துலக்கிய சில நிமிடங்களில் பல்லின் மேல் படியும் உமிழ்நீர்ப் படலத்தைப் பற்றிக்கொள்ள இதே குடும்பத்துப் புரதங்கள்தாம் உதவுகின்றன. பல்லைப் பிடிப்பதற்கு அமைந்த கை தட்டணுவையும் பிடித்துவிடுகிறது என்பதே உண்மை. இதயத்தைத் தாக்குவதற்கென்று இந்த உயிர் தனி ஆயுதம் எதுவும் செய்துகொள்ளவில்லை. வாயையும் வால்வையும் இரு வேறு துறைகளின் பொருளாகப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இது சோதனைக் குழாயில் மட்டும் கண்ட முடிவன்று. சான் பிரான்சிஸ்கோவில் பால் சல்லம் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகளாக இப்புரதங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஜிஎஸ்பிபி நீக்கப்பட்ட பாக்டீரியா எலிகளின் வால்வில் குறைவாகவே தங்கியது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. 2011இல் வெளியானது இன்னும் நுட்பமானது: புரதம் முழுவதையும் நீக்காமல், பிடிக்கும் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதே விலங்குகளில் நோயைத் தோற்றுவிக்கும் ஆற்றலைக் குறைத்துவிட்டது. மைட்டிஸ் வகையில் கண்ட கதை வேறு மாதிரியானது. அதன் ஒரு கிளையில் தட்டணுவைப் பிடிக்க உதவும் பிபிஎல்-ஏ, பிபிஎல்-பி என்ற இரு புரதங்களுக்கான மரபணுக்கள் அந்த பாக்டீரியாவுக்குச் சொந்தமானவையே அல்ல. அதனுள் புகுந்து தங்கிய ஒரு வைரஸின் மரபணுத் தொகுப்பில் இருப்பவை என்று 2001இல் கண்டறியப்பட்டது. மியூட்டன்ஸில் சிஎன்எம் என்ற புரதம் தட்டணுவை விட்டுவிட்டு, உரிந்த வால்வின் அடியில் தெரியும் கொலாஜன் என்ற திசுப் புரதத்தைப் பற்றுகிறது. இப்புரதம் மியூட்டன்ஸின் எல்லாக் கிளைகளிலும் இருப்பதில்லை, சிறு பகுதியிலேயே இருக்கிறது. ஃபைப்ரோனெக்டின் என்ற வேறோர் உடல் புரதத்தைப் பற்றும் புரதங்களும், தட்டணுவின் வேறோர் ஏற்பியைத் தூண்டி அதை ஒன்றோடொன்று திரளவைக்கும் புரதங்களும் தனியே உள்ளன.

ஒட்டிய பின் நடப்பது வேகமானது. தூண்டப்பட்ட தட்டணுக்கள் மேலும் தட்டணுக்களை அழைக்கின்றன. ஃபைப்ரின் வலை பாக்டீரியாவை மூடுகிறது. வெள்ளணுக்கள் உள்ளே நுழைய முடியாத ஒரு திரள் வால்வில் தொங்கத் தொடங்குகிறது. தட்டணுக்கள் பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரப்பவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவற்றைத் தாங்கி நிற்கும் கிளைகளே அங்கே மிஞ்சுகின்றன. முற்றிய திரளின் ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இரத்தக் குழாய் இல்லாத அந்தத் திரளுக்குள் மருந்து மெல்லத்தான் ஊறும் என்பதாலேயே, வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்த நோய்க்குச் சொந்த வால்வு என்றால் பொதுவாக நான்கு வாரமும், செயற்கை வால்வு என்றால் ஆறு வாரமும் நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. நாட்டுப்படகில் அன்றன்று போய் வந்து பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த நான்கு வாரம் என்னவாகும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புரதங்களை அறிந்துவிட்டோமே, அவற்றைத் தடுக்கும் மருந்தோ தடுப்பூசியோ வந்துவிடாதா என்று கேட்கலாம். பாராசாங்குவினிஸ் என்ற வகையின் ஃபிம்-ஏ புரதத்தைக் கொண்டு எலிகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்து, ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பதை 1990களிலேயே கண்டார்கள். ஆனால் மனிதர்களுக்கென்று எதுவும் இன்றுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. ஒரு வகைக்கு ஒரு புரதம் என்றில்லாமல் பல புரதங்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதால், ஒன்றை அடைத்தால் மற்றொன்று வேலை செய்யும். தட்டணுவை அடக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்த்த சோதனையில், வால்விலிருந்து திரள் துண்டு பிய்ந்துபோய் மூளையை அடைப்பது குறையவில்லை என்று 2003இல் தெரியவந்தது. ஆகவே, இப்போதைக்கு நம் கைக்கு எட்டும் இடம் வாய் ஒன்றுதான்.

அந்த வாயில் எதைச் செய்வது என்பதிலும் கருத்து மாறிவந்திருக்கிறது. பல் பிடுங்கியதும் பாக்டீரியா இரத்தத்தில் கலக்கிறது என்று ஓக்கெல், எலியட் என்ற இருவர் 1935இல் காட்டினார்கள். அமெரிக்க இதயச் சங்கம் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கும்படி 1955இல் முதன்முதலாக வழிகாட்டி, 2007இல் அதைச் செயற்கை வால்வு உடையவர்கள், முன்பே இந்நோய் வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள், இதய மாற்றுக்குப் பின் வால்வு கெட்டவர்கள் என்று சுருக்கிக்கொண்டது. பிரிட்டனின் வழிகாட்டி 2008இல் அதையும் வேண்டாம் என்றது. இந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம், பல் பிடுங்குவது ஆண்டுக்கு ஒரு நாள் என்றால் பல் துலக்குவது அன்றாடம் என்பது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இந்நோயை உண்டாக்கும் வகை பாக்டீரியாக்கள் பல் துலக்கியவர்களில் 23 விழுக்காட்டினரின் இரத்தத்திலும், மருந்தின்றிப் பல் பிடுங்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினரின் இரத்தத்திலும், அமாக்ஸிசிலின் கொடுத்துப் பிடுங்கப்பட்டவர்களில் 33 விழுக்காட்டினரின் இரத்தத்திலும் காணப்பட்டன. இதைப் படித்துவிட்டுப் பல் துலக்குவதை நிறுத்துவார் யாருமில்லை என்று நம்புகிறேன். காரை படிந்து, துலக்கும்போதே இரத்தம் கசியும் ஈறு உள்ளவர்களிடம்தான் கலப்பு அதிகம் என்பதை அதே குழுவினர் அடுத்த ஆண்டு காட்டினார்கள். அதாவது, பல் பிடுங்கும் நாளில் விழுங்கும் மாத்திரையைவிட ஆண்டு முழுவதும் ஈறு எப்படியிருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய வாயோடு கரையில் மீன் பிரிக்கிறவர்களையும், நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுத்து வலை பின்னுகிறவர்களையும் தொண்டி முதல் மூக்கையூர் வரை எந்த ஊரிலும் பார்க்கலாம். சொத்தைப் பல் உடைந்து வேர்த்துண்டு மட்டும் ஈறுக்குள் கிடக்க, வலி வரும்போது மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் கடலுக்குப் போவது இங்கே வழக்கம். இவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் வால்வுக்கு ஆபத்து எதுவும் வரப்போவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்பது தெரிந்திருந்தும் நாம் பேசாமல் இருக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

எங்கள் பகுதியில் நாட்டுப்படகுத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மைட்ரல் வால்வு பழுதாகியிருந்தது. பல வாரங்களாக மாலையில் மட்டும் காயும் காய்ச்சலோடும் இரவு வியர்வையோடும் அவர் மெலிந்துகொண்டே வந்தபோது, மலேரியா இல்லை என்றார்கள், டைஃபாய்டு என்றார்கள், சளிப் பரிசோதனையும் செய்தார்கள். ஒவ்வோரிடத்திலும் ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் காய்ச்சல் சில நாள் அடங்கித் திரும்பியது. வலது கை செயலிழந்த பிறகே மதுரைக்குக் கொண்டுபோய் எக்கோ எடுத்து வால்வில் திரளைக் கண்டார்கள். அதற்குள் அத்தனை மருந்து உள்ளே போயிருந்ததால், இரத்தத்தில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துக் கண்டறியும் இரத்த வளர்ப்புப் பரிசோதனையில் எதுவும் முளைக்கவில்லை. எந்த பாக்டீரியா என்று தெரியாமலே சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், அந்தக் கையால் இன்னும் வலை இழுக்க முடியவில்லை. உடைந்த கடைவாய்ப் பல் அவர் வாயில் அப்போதும் இருந்தது. அதுதான் காரணம் என்று யாராலும் நிறுவ முடியாது. ஆனால் வால்வு நோயாளி என்று பதிவான நாளிலிருந்து அந்தப் பல்லை எவரும் பார்த்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் பட்டியலைப் பற்றியது. வாதக் காய்ச்சல் திரும்பாமலிருக்க 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வருகிறவர்கள், காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர்கள், பள்ளிக் குழந்தைகளுக்காக 2013 முதல் நடந்துவரும் பால ஸ்வஸ்திய திட்டப் பரிசோதனையில் இதயக் குறை கண்டறியப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் ஏற்கெனவே அரசிடம் வெவ்வேறு ஏடுகளில் இருக்கின்றன. அதே பள்ளிப் பரிசோதனைப் பட்டியலில் வாத இதய நோயும் பல் நோயும் இரண்டுமே இடம்பெற்றிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரே குழந்தைக்கு இரண்டும் இருந்தால் அதை அவசரமாகக் கருதும்படி ஒரு குறிப்பு சேர்த்தால் போதும், புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காரை நீக்கமும், சொத்தை அடைப்பும், வேர்த்துண்டு அகற்றலும் முன்னுரிமையில் கிடைக்க வேண்டும். வால்வு மாற்றச் செல்கிறவர்களுக்கு அறுவைக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

பல் மருத்துவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். இதய நோயாளி என்றதும் தகுதிச் சான்று வாங்கி வரச் சொல்லி மதுரைக்கு அனுப்பிவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழக்கிறவர், வலி நின்றதும் திரும்பி வருவதேயில்லை. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள மருத்துவரோடு தொலைபேசியில் பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு இருந்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் தீரும். பென்சிலின் ஊசி தொடர்ந்து போடுகிறவருக்கு அந்த ஊசியே பல் சிகிச்சைக்கும் காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அவர் வாயில் பென்சிலினைத் தாங்கும் வகைகள் பெருகியிருக்கக்கூடும் என்பதால், தடுப்பு மருந்து தேவைப்பட்டால் வேறு வகையைத் தேர்ந்தெடுக்கும்படியே வழிகாட்டிகள் சொல்கின்றன. செயற்கை வால்வு உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் பல் பிடுங்க வந்தால், அதனால் வரும் கேடு ஈறுகளில் கசியும் இரத்தத்தைவிடப் பெரிது. வாதக் காய்ச்சலால் மட்டும் வால்வு கெட்டவர்களுக்குத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதில் அமெரிக்க வழிகாட்டி வேண்டாம் என்கிறது, அந்நோய் மிகுந்த மக்களை மனத்தில் கொண்ட ஆஸ்திரேலிய வழிகாட்டி அவர்களுக்கு வேண்டும் என்கிறது. நம் மாவட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை இதய மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்து ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம். நாற்காலிக்கு நாற்காலி வேறுபடுவதைவிட அது மேல். என் எண்ணம் ஆஸ்திரேலியப் பக்கம் சாய்கிறது. ஆனால் முடிவு தங்களுடையது.

முகாம் நடத்துவதாக இருந்தால் காலத்தைப் பார்த்து நடத்த வேண்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் அதுவே பொருத்தமான பருவம். ஆனால் நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. பாசி எடுக்கும் பெண்களின் வேலை நாள்களைத் தீர்மானிப்பவையோ அமாவாசையும் பௌர்ணமியும். இவர்களைக் கேட்காமல் வைக்கும் முகாமில் நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

இறுதியாக, காய்ச்சலைப் பற்றி. இராமேஸ்வரம் தீவில் மலேரியாவின் வரலாறு நீண்டது. காய்ச்சல் என்றால் விரலில் குத்தித் தகட்டில் இரத்தம் எடுப்பதற்கு மக்கள் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு இன்னொன்றைச் சேர்க்க முடியும். வால்வுப் பட்டியலில் உள்ள ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால், எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுப்பதற்கு முன், வெவ்வேறு இடத்தில் ஊசி குத்தி மூன்று முறை இரத்தம் எடுத்து வளர்ப்புப் புட்டிகளில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் புட்டி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வரை தேவை. இரத்தம் சேர்த்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காமல், அறை வெப்பத்திலேயே, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பாம்பன், மண்டபம், ஏர்வாடி, சாயல்குடி, தொண்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவ நிலையங்களில் இந்தப் புட்டிகள் எப்போதும் கையிருப்பில் இருக்கவும், அன்றன்றே மாவட்டத் தலைநகருக்குச் சென்று சேர வாகனம் இருக்கவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். நோயாளியின் கையில், “இதய வால்வு நோய் உள்ளவர், இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டாம்” என்று தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை இருந்தால், மருந்துக் கடைக்காரரும் அதைப் படிப்பார். அட்டைக்கான வாசகத்தை எழுதித் தரவும், தீவின் ஊர்களில் செவிலியர்களோடு சென்று வீடு வீடாக விளக்கவும் எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த அலுவலகத்தில், எந்த நாளில் வந்து பார்க்கலாம் என்று தெரிவித்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை,
தங்கச்சிமடம்.